மலைப் பக்கம் நடந்தவள்

மாசி 12, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். மனு நாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம் ஜாஸ்தி. என் கடையில் டைப் செய்த மனுக்கள்: பட்டா 6, முதியோர் பென்ஷன் 4, வாரிசுச் சான்று 3. ஒரு அம்மா: "அவரு செத்து மூணு வருஷம் ஆவுது. ரேஷன் கார்டுல இன்னும் உயிரோட இருக்காரு." எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் சேர்க்கலாம்.

நாவல் 11 அத்தியாயம் முடிந்தது. விபத்தில் செத்துப்போன பத்தாவது படிக்கும் பெண், கிரிவலப் பாதையில் மலைப் பக்கமாகவே நடந்துகொண்டிருக்கிறாள். கடைசி அத்தியாயம் பாக்கி. பதிப்பாளர் போன்: "சின்னப் பசங்க படிக்கிறது மேடம். முடிவுல அவ அம்மாகிட்ட பேசிடட்டும்." ஞாயிறுக்குள் வேண்டுமாம்.

வாங்க: பால், பவிக்கு கிராஃப் நோட்டு, கொசுவத்தி.

மாசி 14, புதன்

பவி திருட்டுத்தனமாக நாவலைப் படித்திருக்கிறாள். அக்கா மகள். பிளஸ் ஒன். அக்கா இறந்ததிலிருந்து வேங்கிக்காலில் என்னோடு. அவள் அப்பா, என் மாமா, கீழ்பென்னாத்தூரில் நிலத்தோடு. சாப்பிடும்போது கேட்டாள்.

"செத்தவங்க மலைப் பக்கமா நடப்பாங்கன்னு எழுதிருக்கியே, நாம பேசனா அவங்களுக்குக் கேக்குமா சித்தி?"

"தெரியாது. ரசம் ஊத்திக்கோ."

"நீதான எழுதற?"

மோர் எடுக்க எழுந்துவிட்டேன். சொல்லியிருக்கலாம்.

ஊர் வழக்கம் வேறு. மலையை ஒட்டிய வலது பக்கம் சித்தர்கள் நடக்கிற இடம், நாம் இடது ஓரமாகப் போக வேண்டும். கதை வசதிக்காகச் சித்தர்களை எடுத்துவிட்டுச் செத்தவர்களைப் போட்டது நான். பவி நம்பிவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் அவள் வாயிலிருந்து அம்மா என்ற வார்த்தை வந்ததில்லை.

மாசி 16, வெள்ளி

வெயில். கரண்ட் இல்லை, கடை அரை நாள்.

அக்காவின் தலைத்திவசம் போன வாரம் முடிந்தது. அதுவரை கோயில், மலை எதுவும் கூடாதென்று இருந்தோம். நாளை பௌர்ணமி. பவியாகவே கேட்டாள், சுத்திட்டு வரலாமா என்று. மாமாவுக்குப் போன். "கூட்டிட்டுப் போம்மா. தண்ணி எடுத்துக்குங்க."

கடைசி அத்தியாயம்: ஒரு வரி கூட இல்லை.

மாசி 17, சனி

விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினோம். வெறுங்கால். எம லிங்கம் தாண்டியதும் பவி ரோட்டைக் கடந்து மலைப் பக்கம் போய்விட்டாள். தனியாக நடந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு பெரியவர் கூப்பிட்டார்: "பாப்பா, அது சித்தருங்க நடக்கற பக்கம். இப்படி வா." அவள் திரும்பவில்லை.

நிருதி லிங்கம் பக்கத்தில் கூட்டம் நெருக்கியதில் அவளுக்குப் பின்னாலேயே தள்ளப்பட்டேன். காதில் விழுந்தது:

"...கெமிஸ்ட்ரில எழுபத்தொண்ணும்மா... அப்பா போர் மோட்டார் மாத்திட்டாரு... சித்தி நல்லாத்தான் பாத்துக்குது, ரசத்துலதான் உப்பு ஜாஸ்தி..."

பின்தங்கி, மறுபடி இடது ஓரத்துக்கு வந்துவிட்டேன். அழுதேன். பக்கத்தில் நடந்த அம்மா கால் வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடி அண்ணாமலை டீக்கடை. மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "பவி, செத்தவங்க அந்தப் பக்கம் நடப்பாங்கன்றது நானா கட்டிவுட்டது."

"தெரியும் சித்தி. நானும் இந்த ஊருதான?" டீயை ஊதினாள். "இந்தப் பக்கம் எவ்ளோ கூட்டம். அங்கதான் பேசறதுக்கு எடம் இருந்துச்சு."

மாசி 18, ஞாயிறு

கால் வீக்கம். பவிக்குக் கொப்புளம் இரண்டு. களிம்பு வாங்கியாச்சு.

கடைசி அத்தியாயம் காலையில் ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். செத்த பெண் பேசவில்லை. அம்மாதான் ரோட்டைக் கடந்து வந்து பேசிக்கொண்டே நடக்கிறாள். பதிப்பாளரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

மத்தியானம் ரசத்தில் உப்பு கம்மியாகப் போட்டேன். பவி என்னைப் பார்த்தாள். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.