புள்ளியில் இல்லாதவர்கள்

இன்று காரைக்குடியில் உன் வீட்டுத் தூண்களைப் பார்த்தேன்.

பழம்பொருள் கடை ஒன்றின் வாசலில் சாக்கைச் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். கவனிக்காமல் கடந்து போயிருப்பேன். வாசம் நிறுத்தியது. கரையான் ஏறாமலிருக்க ஒவ்வொரு கோடையிலும் மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கி வந்து தூண்களின் அடியில் பூசுவாயே, அந்த வாசம். குனிந்து பார்த்தேன். ஒரு முழ உயரத்துக்குக் கறுப்பு. உன் கை எட்டி நின்ற கோடு.

"பர்மாத் தேக்கு சார். வீட்டுக்கா, ரிசார்ட்டுக்கா?" என்றார் கடைக்காரர்.

சாக்கை மறுபடி இழுத்து மூடினேன். நீ போய் இன்னும் ஓராண்டு ஆகவில்லை.

மதுரையில் வரலாறு படித்தபோது வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. கடல் தாண்டிப் போய்க் குடியேறியவர்கள், தங்களை அனுப்பிய பேரரசையே எதிர்த்து ஏன் எழுந்தார்கள்? வரி என்றோம், எல்லாரும். நீ அங்கே வாய் திறக்கவில்லை. பிறகு டீக்கடையில் சொன்னாய்:

"வரி இல்லடா. தாங்களும் அந்த வீட்டுப் புள்ளைகதான்னு கடைசி வரைக்கும் நம்பியிருக்காய்ங்க. மனு மேல மனு போட்டிருக்காய்ங்க. இல்லன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் வெடிச்சிருக்கு."

"ஒனக்கு எல்லாமே குடும்பச் சண்டைதான்" என்று சிரித்தேன்.

"எங்க வீட்டுக்கு ஒருதடவ வந்து பாரு. சிரிக்க மாட்ட."

பள்ளத்தூரில் உன் வீடு. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று பிரிந்துபோன பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. குடியிருந்தது நீ ஒருவன். ஓடு மாற்றியது நீ. மழைநீர் இறங்கிய சுவரைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியது நீ. கட்டைவிரலை உயர்த்திய படம் பதிலாக வரும். நீ அதையும் அன்பு என்றே எடுத்துக்கொண்டாய்.

ஆனால் நீ புள்ளி இல்லை. உங்கள் கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. கல்யாணம் ஆகாதவன் கோயில் கணக்கிலும் இல்லை, வீட்டுப் பேச்சிலும் இல்லை. முப்பது தாண்டியும் நீ அப்படித்தான் இருந்தாய். வேடிக்கையாகவே சொல்வாய். நானும் வேடிக்கை என்றே நினைத்தேன்.

அந்தப் படைப்பு நாள் வரைக்கும்.

வீட்டு முன்னோர்களுக்குச் சோறு படைக்க எல்லாரும் வந்திருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தாய். காலைப் பலகாரம் முடிந்ததும் உன் பெரியப்பச்சி, அப்பாவின் அண்ணன், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வீட்டின் இரண்டாம் கட்டை, உள்முற்றத்துப் பகுதியை, பிரிக்கப் போகிறார்களாம். தூண்களுக்கு ஆள் பார்த்தாயிற்று. நாளை லாரி வரும்.

நீ எழுந்தாய். "பெரியப்பச்சி, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே."

"ஒனக்கு இங்க என்ன பேச்சு? நீ புள்ளியா? மொதல்ல கல்யாணத்தப் பண்ணு."

"இவனுக்குப் பொண்ணு பாக்குறதுக்குள்ள மிச்சத் தூணும் வித்துப் போயிரும்" என்றார் ஒரு சித்தப்பா. முகப்புக் கூடம் முழுக்கச் சிரிப்பு. நல்ல சிரிப்பு. வெறுப்பே இல்லாத சிரிப்பு. உன் முகத்தைப் பார்த்தேன். அங்கே ஏதோ அணைந்திருந்தது.

அவர்கள் கோயிலுக்குப் போனார்கள்; நீயும் நானும் போகவில்லை. திரும்பி வந்தபோது தலைவாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

சத்தமாகப் பேசியே அறியாத நீ. கதவில் முதுகைச் சாய்த்து நின்றாய். வெளியே தட்டினார்கள், கூப்பிட்டார்கள், மிரட்டினார்கள். "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாய், என்னிடமா, உன்னிடமா தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து வள்ளியக்கா வந்தார். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் சமைப்பவர். அரியக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து, பின்வாசல் வழியாக நுழைந்து, பின்வாசல் வழியாகவே போகிறவர்.

"தம்பி, பெரிய ஆச்சி வெயில்ல நிக்கிறாக. மயங்கி விழுந்துறப் போறாக. கதவத் தெறந்துட்டுச் சண்ட போடுங்க."

நீ திரும்பினாய்.

"ஒனக்கு இங்க என்ன பேச்சு?"

அதே சொற்கள். அதே தொனி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வள்ளியக்கா கரண்டியைத் தரையில் வைத்தார். போய்விட்டார். நீ உன் வாயைக் கையால் மூடிக்கொண்டாய். யாரோ வேறொருவன் அங்கிருந்து பேசிவிட்டதைப் போல. பிறகு தாழை நீக்கினாய். உள்ளே வந்தவர்களில் ஒருவரையும் பார்க்காமல் வள்ளியக்காவைத் தேடி வெளியே ஓடினாய்.

சாயங்காலம் அரியக்குடியில் அவர் வீட்டு வாசலில் நின்றோம். மன்னிப்புக் கேட்டாய். அவர் தண்ணீர் கொடுத்தார். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நீங்க கதவ அடச்சப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு தம்பி. எனக்கும் சேத்து அடச்சீகன்னு நெனச்சேன்."

அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை.

லாரியும் வரவில்லை, அந்த மாதம். கதவு அடைத்தவனைப் பார்த்து அவர்கள் கொஞ்சம் பயந்திருந்தார்கள். நீ வென்றதாக நான் சொன்னேன். "பாதியில நின்னுருச்சுடா" என்றாய். பிறகு மானகிரி விலக்கில் உன் வண்டி மேல் ஒரு வேன் மோதியது.

உன்னை முகப்பில் கிடத்தியிருந்தார்கள். வள்ளியக்கா வந்தார். தலைவாசல் வழியாக. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த யாரோ ஒருவர் மறித்தார்.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?"

"நான் இந்த வீட்டு ஆளு."

குரல் உயரவில்லை. கெஞ்சவுமில்லை. படியேறி உள்ளே நடந்தார். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியப்பச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். வள்ளியக்கா அங்கே உட்கார்ந்தார்.

நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.