துப்ப வேண்டிய நார்

ஓனோட்டோவா
செப்டம்பர் 9

அன்பு மகள் அகோயாவுக்கு,

உன் அப்பா பெயா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் மகன் தியோனும் சுகம். படிக்கப் போன சுவா நகரத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். தீவுச் சபை அலுவலகத்துப் போனில் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கிறது. போன மாதம் உன் அம்மா, "உங்கப்பாவுக்கு அஞ்சு நாளா வெளிய போகலடி" என்று கத்தியது உனக்குக் கேட்டதோ இல்லையோ, ஊருக்கு நன்றாகக் கேட்டது. அன்றிலிருந்து பாதிரியார்கூட என் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பதில்லை, வயிற்றைப் பார்த்துத்தான் விசாரிக்கிறார்.

உன் கடிதம் வந்தது. கடைசி வரியைப் படித்ததும்தான் பேனாவைத் தேடினேன். மாதக் கடைசிக்குள் எனக்குச் சரியாகாவிட்டால் பரீட்சையை விட்டுவிட்டு விமானம் ஏறுவேன் என்று எழுதியிருக்கிறாய். நர்ஸ் ஆவதற்கு ஒரே ஒரு பரீட்சை பாக்கி. வராதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நான் மறைத்தால் அம்மா எழுதிவிடுவாள். அவள் எழுதினால் மிச்சமிருக்கும் மானமும் போய்விடும்.

தினமும் முப்பது கிராம் நார் தின்னுங்கள், நாரை வீணாக்காதீர்கள் என்று முந்தின கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் ஏழாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த நார் தாழம்பழத்து நார்தான். பல் முளைத்த நாளிலிருந்து அந்தப் பழத்தைச் சப்பி, சாற்றை விழுங்கி, நாரைத் துப்பிக்கொண்டிருக்கிறோம். இத்தனை வருஷமாக மருந்தையல்லவா துப்பியிருக்கிறோம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நம் முன்னோர் யாருக்குமே தெரியாத ஒன்றை என் மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று பெருமை வேறு.

சப்பிய நாரைக் கழுவிக் காயவைத்தேன். முப்பது கிராம் அளக்க வேண்டுமே. உன் மாமா பௌராவின் கூட்டுறவுக் கடைக்குப் போய்க் கொப்பரை நிறுக்கும் தராசில் வைத்தேன். முள் அசையவில்லை. இன்னும் ஒரு பிடி வைத்தேன், அசையவில்லை. பௌரா எட்டிப் பார்த்து, "மச்சான், இது மூட்டை நிறுக்கிற தராசு. வேணும்னா நீங்க ஏறி நில்லுங்க, முள்ளு சுத்தும்" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்ததை எழுதவில்லை. கடைசியில் கண்ணளவாக ஒரு பிடி எடுத்தேன். கள் சீவும் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கிச் சோற்றில் கலந்து மூன்று நாள் தின்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள், "அடுத்து கீழ விரிச்சிருக்கிற தாழம்பாயா? முன்னாடியே சொல்லிடுங்க, நான் எந்திரிச்சுக்கிறேன்" என்றாள்.

நாலாம் நாள் கள் இறக்கத் தென்னை ஏறப் போனவன் பாதி மரத்தில் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டேன். வயிறு கல்லாகிவிட்டது. மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. எப்படி இறங்கினேன் என்பதைத் தென்னை மரம்தான் சொல்ல வேண்டும். அன்று கொஞ்சம் ரத்தமும் பார்த்தேன். இதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன், மகளே. முழுக்க எழுதுகிறேன் என்று மேலே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

மருந்தகத்துக்கு அம்மா இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் காவ்ரே உன்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். நான் சொன்னதைக் கேட்டு முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "அண்ணே, துப்ப வேண்டியதைத் துப்பணும். அது பாய் முடையிற ஓலை மாதிரி. அகோயா சொன்னது சாப்பாட்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம இருக்கிற நார்" என்றாள். குழிச்சேம்புக் கிழங்கில் இருக்கிறதாம், பூசணியில், கீரையில், சீமைப்பலாவில், நான் துப்பாமல் விழுங்கும் தாழம்பழச் சதையிலும்கூட இருக்கிறதாம். முப்பது கிராம் என்பது சேம்பின் எடை இல்லை, அதற்குள் ஒளிந்திருக்கும் நாரின் எடையாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிப் போடாமல் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். வெள்ளைச் சோறும் டப்பா இறைச்சியும் மட்டும் தின்றால் வயிறு மறியல் செய்யுமாம்.

எனக்கு ஒரு சந்தேகம். உடம்பு செரிக்காமல் அப்படியே வெளியே அனுப்பும் ஒன்றை எதற்குத் தின்ன வேண்டும்? கேட்டே விட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "மரத்து மேல உக்காந்து பாடுறீங்களே, அந்தப் பாட்டு பானையில விழுதா? ஆனா பாடாம கள் சீவுவீங்களா?" என்றாள். அதை நினைத்துக்கொண்டுதான் அன்றிலிருந்து மரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் பாட்டைக் கேட்டவர்கள் அதை எந்த மருந்தோடும் சேர்க்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறீர்கள்? நார் தண்ணீரைக் குடித்து ஊறினால்தான் இளகும், தண்ணீர் இல்லாவிட்டால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும் என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். கூரை நன்றாகத்தான் வேய்ந்திருந்தார்கள்.

அம்மா பதில் சொன்னாள். "ரெண்டு. அதுல ஒண்ணு டீ."

மழை பெய்து ஆறு மாதம் ஆகிறது. கிணறு உப்பேறிவிட்டது. சபைத் தொட்டியிலிருந்து வீட்டுக்கு நாளுக்கு ஒரு வாளி மழைத்தண்ணீர் தருகிறார்கள். தியோன் பால் மறந்த பிள்ளை, உப்புத் தண்ணீர் கொடுத்தால் அவனுக்குப் பேதி பிடிக்கிறது. ஒரு தடவை பிடித்தது, உனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு எனக்குத் தாகம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். மனிதனுக்கு வயதானால் தாகம் குறையும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைத்தேன். நர்ஸ் முன்னால் குவளைக் கணக்குச் சொன்னபோதுதான் தெரிந்தது, ஆறு மாதமாக அவளும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

காவ்ரே என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்தகத் தொட்டியிலிருந்து தியோனுக்கென்று தினமும் ஒரு புட்டி தருகிறேன் என்றாள். எனக்குக் காலையில் ஒரு இளநீர், இறக்கியவுடன் புளிக்காத கள் ஒரு குவளை, வாளித் தண்ணீரில் நாலு குவளை, ரெண்டு வேளை சேம்பு. ரத்தம் ஒரு சின்னக் கீறலால் வந்தது போலத்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டு வாரம் கழித்து வரவேண்டும், அப்போதும் இருந்தால் தாராவா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்றாள். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா சாட்சி.

மருந்தகம் போய் வந்து இன்று பத்தாம் நாள். நேற்றும் இன்றும் சிரமம் இல்லை, ரத்தமும் இல்லை. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும் வரை குவளையைப் பார்க்கிறாள். அந்தக் குவளையை வாயில் வைக்கும்போதெல்லாம் தியோன் என்னையே பார்ப்பது போல இருக்கிறது. அவன் பார்ப்பது கோழியைத்தான் என்கிறாள் அம்மா.

அதனால் மகளே, விமானம் ஏறாதே. வந்தால் வாளியில் இன்னொரு பங்கு, அவ்வளவுதான் நடக்கும். பரீட்சை எழுதிவிட்டு வா. இந்தத் தீவில் காவ்ரே ஒருத்திதான், ஆயிரத்துச் சொச்சம் வயிறுகளை அவள் ஒருத்தி பார்க்கிறாள். பரீட்சையில் நாரைப் பற்றிக் கேட்டால், எத்தனை கிராம் என்பதோடு எத்தனை குவளை என்பதையும் எழுது. ஏழாம் வகுப்புக்காரர்களுக்கும் புரிகிற மாதிரி எழுது.

சுவாவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்குமாமே. எங்களை நினைத்து அதைப் பாதியில் மூடிவிடாதே. நீ என் மகள், செய்தாலும் செய்வாய். வயிறு நிறையக் குடி, மகளே.

உடம்பில் உயிரும் வீட்டில் அமைதியும் உன்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
இப்போது ஆறு குவளை குடிக்கும்
உன் அப்பா
பெயா