ஜெயசீலியின் மனையும் காலனி வடிகாலும்

கிழக்குத் தாம்பரம்,
16-9-1972, சனிக்கிழமை.

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

ஆசிரியர் காலனி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் உன் தகப்பனுமாகிய தனசிங், உன் மனையைக் குறித்து இன்று மாலை நடக்கவிருப்பதை, நடக்கும் முன்பே உனக்குத் தெரிவிக்கும் பொருட்டு எழுதுவது. ஆண்டவர் காத்துவர இங்கே சுகமாயிருக்கிறோம். எத்தியோப்பியாவின் மலைக்குளிரில் நீயும் உன் மாணவர்களும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறைந்ததால் மறுபடியும் தானே கிணற்றில் இறைக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை.

சென்ற ஐப்பசியில் நம் தெருக்களின் மழைத்தண்ணீர் முழுவதும் கீழ்க்கோடிக் குடிசைகளில் போய் நின்றதையும், அங்கிருந்து நமக்குக் கீரை கொண்டுவரும் கன்னியம்மாவின் சுவர் விழுந்ததையும் எழுதியிருந்தேன். இப்போது நகரமைப்பு அதிகாரிகள் ஏரிவரை வடிகால் வெட்ட இசைந்து, எந்த வழியில் வெட்டுவது என்பதைக் குடியிருப்போரே கூடித் தீர்மானித்து அனுப்புமாறு கேட்டிருக்கிறார்கள். எங்களைக் கேளாமல் கோடு போடுகிறீர்கள் என்று மனுமேல் மனு எழுதியவன் நான். கேட்டுவிட்டார்களே என்று மகிழ்ந்தேன், அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. வழிகள் இரண்டே. விளையாட்டுத் திடலைச் சுற்றிப் போனால் மேடு குறுக்கிடும், பெருமழையில் தண்ணீர் எதிர்த்து நிற்கும். மற்றது நல்ல சரிவு, ஆனால் உன் மனையின் நடுவே போகிறது. போனால் இருபுறமும் மிஞ்சும் துண்டுகளில் வீடு எழும்பாது. மாற்றாகத் தரச் சங்கத்திடம் வேறு மனையும் இல்லை.

எவருடைய நிலம் விவாதத்தில் இருக்கிறதோ அவரும் அவர் முகவரும் வாக்கெடுப்பின்போது அவையில் இருத்தலாகாது என்பது சங்க விதி. அதை எழுதியவனும் நானே. சென்ற ஆண்டு எதிர்வீட்டுப் பத்ரிநாராயணனின் மதில் பொதுச் சந்துவழியை நெருக்கியபோது அவ்விதியைக் காட்டித்தான் அவரை வெளியே அனுப்பினேன். அவர் திரும்பி வருவதற்குள் மதிலை இடிக்கத் தீர்மானம் ஆகிவிட்டது. நேற்று ரயிலடியில் என்னைக் கண்டு, "என்ன சார், நாளைக்கு உங்க முறையாமே? குடை எடுத்துண்டு வாங்கோ, அந்த வாசல்ல வெயில் ஜாஸ்தி, நான் நின்னு பார்த்தவன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தார். காலையில் கன்னியம்மா வந்து, "வாத்யாரே, எங்களைத்தான் கை தூக்க வுடமாட்டீங்க, வந்து பேசவாச்சும் வுடுவீங்களா? புள்ளைங்களை வச்சிக்கினு இன்னொரு மழைக்கு எங்க போறது?" என்றாள். உறுப்பினர் அல்லாதார் வாக்களிக்கத்தான் தடை, பேசுவதற்குத் தடை ஏதுமில்லை என்று விதியைச் சொன்னேன். உனக்கு எதிராகப் பேசத்தான் வருகிறாள் என்று அறிந்தே சொன்னேன்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஊருக்கெல்லாம் விதி சொல்றீங்களே, கண்காணாத தேசத்துல ஒத்தையா கிடந்து நம்ம புள்ள வாங்கின மனை, அவளுக்காக யார் கை தூக்குவா?" என்றாள், அதன்பின் என்னோடு பேசவில்லை. அவள் கேள்வி நியாயமானது. நீ எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. உன் பெயரால் ஒரு மறுப்பு மனு கொடுத்தால் போதும், விவகாரம் இரண்டு மழைக்காலம் இழுபடும் என்று அதிகாரியே சொன்னார். உன் எண்ணம் அறியத் தந்தி கொடுத்தேன். இதுவரை பதில் இல்லை. கூட்டத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டேன், பருவமழை நெருங்குகிறது என்று மறுத்துவிட்டார்கள்.

உன் நிலத்தை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையில்லை. உன் பெயரைச் சொல்லிப் பிறர் வீடுகளில் தண்ணீரை நிறுத்தவும் எனக்கு உரிமையில்லை. முடிவு தெரிந்தபின் எழுதினால் அதற்கேற்ப நியாயம் தேடிக்கொள்வேன் என்று என்னை நானே அறிந்திருப்பதால், அதற்கு முன்பே இதை எழுதுகிறேன். நான் செய்யப்போவது தவறென்று கருதினால் அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்து உன் மாமாவின் பெயருக்கு எழுதிவிடு. எனக்கு மனத்தாங்கல் வராது, வந்தாலும் அதைப் பொருட்படுத்தாதே.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி. கம்பளிச் சட்டை இல்லாமல் வகுப்புக்குப் போகாதே. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, எனக்கு எழுதுவதோடு சேர்க்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

மணி மூன்றரை ஆகிறது. இதை என் கையாலேயே தபாலில் சேர்த்துவிட்டுக் கூட்டம் நடக்கும் பள்ளி மன்றத்துக்குப் போகிறேன். செயலாளனாக நான் வகிக்கும் தலைமை நாற்காலியைத் துணைச் செயலாளர் சாவித்ரி அம்மையாரிடம் ஒப்படைத்து, உன் முகவனாக நின்று, உன் உழைப்பையும் உன் சம்மதம் இன்னும் வரவில்லை என்பதையும் ஒன்று விடாமல் சொல்வேன். மறுப்பு மனு கொடுக்கமாட்டேன். கை தூக்கச் சொல்லும்போது எழுந்து வெளியே போய், கூப்பிடும்வரை வாசலில் நிற்பேன்.

உன் அன்புத் தகப்பன்,
அ. தனசிங்