செருப்பைக் கையில் பிடித்து நின்ற அக்காவுக்கு

எதிலும் என்னைவிட ஓர் எட்டு முன்னால் போய்விடும் என் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம் தீவில், தவுவாவில் இப்போது கரும்பு வெட்டும் காலம். ரராவாய் சர்க்கரை ஆலைக்குப் போகிற லாரிகள் நீ கடைசியாக இருந்த இல்லத்தின் வாசல் வழியாகத்தான் போகின்றன. உன் கட்டிலுக்கு இப்போது ஒரு பெரியவர் வந்திருக்கிறார். ஒவ்வொரு லாரியையும் பார்த்து, பாரத்தை ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்று திட்டுகிறார். உன்னைப் பார்த்துக்கொண்ட அதே மேரேதான் அவரையும் பார்த்துக்கொள்கிறாள். எப்படிக் கட்டவேண்டும் என்று அவள் கேட்கக் கேட்க, அவரும் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிஸ்பேனில் இருக்கும் உன் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. அவள் படித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் படித்தால் பரவாயில்லை.

மறதி நோய்க்காரர்களுக்கான அந்த இல்லத்தில் உன்னைச் சேர்த்த நாளிலிருந்து எனக்குள் ஓயாத கேள்விகள். எழுபது வருஷம் சோறு தின்றவள், ஏன் திடீரென்று தட்டைத் தள்ளிவிட்டு மரவள்ளிக்கிழங்குதான் வேண்டும் என்றாய்? என் பெயரே மறந்துபோன உனக்கு, நான் உப்பை அள்ளிப் போடுவேன் என்பது மட்டும் எப்படி நினைவிருந்தது? எல்லாவற்றையும்விட என்னைக் குடைந்தது ஒன்றுதான். சாயங்காலம் நாலு மணியானால் போதும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு கேட் பக்கம் போய் நின்றுவிடுவாய். யாருக்காக அக்கா?

உன் மகளுக்காக என்று நானே முடிவுகட்டிவிட்டேன். இரண்டாயிரத்தில் நம் தீவில் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தபோது அவளும் மாப்பிள்ளையும் பெட்டி கட்டினார்கள். நம் ரோட்டில் பாதி வீடு அப்படித்தான் காலியானது. பெற்ற வயிறு, வேறு யாரைத் தேடும் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பை ஏன் கழற்றினாய் என்று மட்டும் புரியவில்லை. அதை நோயின் கணக்கில் விட்டுவிட்டேன்.

மேரேக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் அவள் பதில் சொல்லமாட்டாள், கேள்விதான் கேட்பாள். வீட்டுக்குப் போகணும் என்றால், போகலாம் என்றும் சொல்லமாட்டாள், முடியாது என்றும் சொல்லமாட்டாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். என்னையும் அப்படியே செய்யச் சொன்னாள். எனக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலையாகப் பட்டது. என் பொறுமைதான் ஊருக்கே தெரியுமே.

அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. எவ்வளவு கூப்பிட்டும் நீ கேட்டை விட்டு நகரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

"யாரும் வரமாட்டாங்கக்கா. செருப்ப மாட்டிக்கிட்டு உள்ள வா," என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அப்ப அவள புடிச்சிட்டாங்களா?" என்றாய்.

யார் பிடிப்பார்கள், எவளை? கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். மறுநாளிலிருந்து நீ கேட் பக்கமே போகவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. ஒருவழியாக அடங்கினாள் என்று நான் நிம்மதிகூடப் பட்டேன். மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன வாரம் உன் சேலைகளைக் கொடுக்க இல்லத்துக்குப் போனேன். மேரே டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் பொதுவான இந்தியில் என் கதையைக் கேட்க ஆரம்பித்தாள். பழக்கம் விடுமா? எண்பத்தேழில் முதல் முறை ஆட்சி கவிழ்ந்தபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாள். எனக்குப் பதினேழு வயது, டவுனில் தையல் கடையில் வேலை என்றேன். பட்டாளத்தார் நம் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது, கடைகளை இழுத்து மூடினார்கள், பஸ் ஓடவில்லை. கரும்பு ரயில் தண்டவாளத்தோடு நடந்தே வந்தேன். வழியில் செருப்பு வார் அறுந்துபோனது.

நீ நாலு மணியிலிருந்து நம் ரோட்டுத் திருப்பத்தில் நின்றிருந்தாய். என் காலைப் பார்த்ததும் உன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் கல் ரோட்டில் நீ வெறுங்காலோடு நடந்தாய். வீடு வரைக்கும் என்னை ஒரே திட்டு. நான் கோபத்தில் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நீ கேட்டில் யாருக்காக நின்றாய் என்று எனக்குப் பிடிபட்டது. மேரே என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

மறதி நோய் உனக்கு என்றுதான் டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். மறந்தவள் நான் அக்கா. அந்தத் திட்டை மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தேன், செருப்பை மறந்துவிட்டேன். கடைசி மூன்று மாதமும் என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டே, என்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றா நினைத்துக்கொண்டிருந்தாய்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

திங்கட்கிழமையிலிருந்து சாயங்காலம் அங்கே உதவிக்கு வருவதாக மேரேயிடம் சொல்லிவிட்டேன். இனி யார் அந்தக் கேட்டில் நின்றாலும், மழையோ வெயிலோ, நானும் பக்கத்தில் நிற்பேன். யார் வரவேண்டும், எப்படி இருப்பார்கள், எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று கேட்பேன். சொல்லி முடிக்கிறவரை உள்ளே கூப்பிடமாட்டேன். இது சத்தியம்.

என்னை யாரும் பிடிக்கவில்லை அக்கா. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னோடுதான் வந்தேன்.

உன் பக்கத்திலேயே நின்றிருந்த,
உன் தங்கச்சி