நாளைக் கடை

அக்டோபர் 6, திங்கள்

ஆபீசுக்குப் போக நான் ஏறிய பைக் டாக்சியின் ஓட்டுநர் ‘பெலோக்’ மேப்பைப் போட்டு ஓட்டினார். “சிம்பாங் மேப் வெச்சுக்கலையா அண்ணே?” என்று கேட்டேன்.

“சிம்பாங்கா? அது இன்னும் உசுரோட இருக்கா அக்கா?”

அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. சிரித்து வைத்தேன். ஒரு காலத்தில் பாண்டுங்கில் எல்லார் போனிலும் எங்கள் சிம்பாங்தான் வழி சொன்னது. இப்போது ஊரே பெலோக் பக்கம் போய்விட்டது. என்னோடு இங்கே வேலை பார்த்த ஹெர்லானும் போனான் — ஜகார்த்தாவுக்கு, பெலோக் ஆபீசுக்கே.

“நீயும் வர்றியா இல்லையா, யுயுன்?” என்று கேட்டான். “வரலை, போ” என்றேன். அந்தப் ‘போ’வை அப்படியே எடுத்துக்கொண்டான். போன மழைக்காலம் அது. அடுத்த மழையும் வந்துவிட்டது, ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 8, புதன்

முதலாளி பாக் சுகந்தா எல்லாரையும் கூப்பிட்டார். “நம்ம ஆளுங்க வெயில்ல அலைஞ்சு இடம் குறிக்கிறாங்க. பெலோக்காரன் ஏசில உட்கார்ந்து சுட்டுடறான். கையும் களவுமா பிடிக்கணும்.”

ஆளுக்கொரு இல்லாத கடையை எங்கள் மேப்பில் வைக்க வேண்டும். அது பெலோக்கிலும் முளைத்தால் திருட்டு நிச்சயம்.

“ஆள் போகாத இடமா வையுங்க. பசியோட போய் நிக்கிறவன் சாபம் நமக்கு வேணாம்.”

எனக்கு ஒரு இடம் உடனே ஞாபகம் வந்தது. அதுதான் வம்பு.

அக்டோபர் 9, வியாழன்

வைத்துவிட்டேன். தாகோ மலைச்சாலை, மூங்கில் வளைவு. ஞாயிறு சாயங்காலம் பைக்கை நிறுத்திவிட்டு நானும் ஹெர்லானும் கடை போடும் இடம். வாயால்தான். இஞ்சியும் பனைவெல்லமும் கொதிக்கும் பந்த்ரெக், தொட்டுக்கொள்ள சுராபி ஆப்பம். எப்போது திறக்கலாம் என்றால் “நாளைக்கு” என்பான். அதனால் அதற்கு நாளைக் கடை என்று பெயர்.

ஒரே சண்டைதான். நான் பள்ளத்துப் பக்கம் என்பேன், ஊர் விளக்கெல்லாம் தெரியும். அவன் மேட்டுப் பக்கம். “மழை பெஞ்சா உன் கடை சரிஞ்சு போயிடும்டி.”

பள்ளத்துப் பக்கமே வைத்தேன். பெயர் மட்டும், வேறு ஒரு விவரமும் போடவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை. பந்த்ரெக் போட்டேன். இரண்டு கப் வந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது இன்னும் கைக்குப் பழகவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆபீசில் ஒரே கூத்து. என் கடை பெலோக்கில் முளைத்துவிட்டது! மற்ற யார் வைத்த பொறியிலும் ஒன்றும் விழவில்லை, என்னுடையதில் மட்டும். வக்கீலுக்குப் போன் போனது. “இதை ஏத்தினவன் எவனோ, அவனுக்கு வேலை காலி. கம்பெனி பிழைச்சுது யுயுன்!” பாக் சுகந்தா எல்லாருக்கும் பத்தாகோர் வறுவல் வாங்கித் தந்தார்.

நானும் தின்றேன். பிறகுதான் பெலோக்கைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன்.

நாளைக் கடை. மேட்டுப் பக்கம்.

கீழே ஒரு வரி: ‘பந்த்ரெக், இஞ்சி தூக்கல். மழையிலும் நிற்கும்.’

காப்பியடிக்கிறவன் எதுக்குடா ரோட்டைத் தாண்டப் போறான்? ஐயோ, ஹெர்லான். இன்னும் எங்க மேப்பைப் பார்க்கிறியா? அந்த வளைவையா?

பாத்ரூமில் போய் அழுதேன். சந்தோஷமா, பயமா, தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

இது திருட்டில்லை, ஹெர்லான் தானாக வைத்தது என்று சொன்னால் வழக்கு போச்சு, கம்பெனியும் போகலாம். சொல்லாவிட்டால் அவன் திருடன் என்று பேர் வாங்குவான். என்னை விட்டுப் போனவன்தான். திருடன் இல்லையே.

அக்டோபர் 31, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பாக் சுகந்தா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “காதல் பண்ண உங்களுக்கு ஊர்ல இடமா இல்ல? என் மேப்தான் கிடைச்சுதா?”

“வேற எங்க வெச்சாலும் அவன் பார்க்க மாட்டான் பாக்.” வாயில் வந்துவிட்டது. அப்படியானால் யாரைப் பிடிக்க வைத்தேன் அந்தப் பொறியை?

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அன்னைக்கே அவன்கிட்ட ‘போகாதே’ன்னு சொல்லியிருக்கலாம்ல? எனக்கு ஒரு நல்ல ஆளாவது மிஞ்சியிருப்பான்.” வக்கீலைக் கூப்பிட்டு வேண்டாம் என்றார். என்னிடம் கடையை எடுக்கச் சொன்னார். என் கையாலேயே அழித்தேன்.

நவம்பர் 3, திங்கள்

சிம்பாங்கை விற்கப் பேச்சு நடக்கிறது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

பெலோக்கில் அவன் கடை அப்படியே இருக்கிறது. நேரம் கிடைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். என் கடை காணாமல் போனதை அவன் பார்த்திருப்பானா? பார்த்து என்ன நினைத்திருப்பான்? மறுபடியும் ‘போ’ என்றா?

நவம்பர் 8, சனி

கடைக்கு நேரம் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மாலை நான்கு மணி.

பெயருக்குக் கீழே பெலோக் சிவப்பு எழுத்தில் சொல்கிறது: ‘இப்போது மூடியுள்ளது. நாளை திறக்கும்.’

சந்தைக்குப் போய் இஞ்சி வாங்கி வந்தேன்.