மஞ்சள் தண்ணீர் பட்ட மேளம்

ஜூலை 2, புதன்
மூத்த பேரன் விக்னேஷ்குமார் கோயம்புத்தூரில் இன்ஜினியர். சின்னவன் முகேஷ்குமார் கபடியில் மாவட்டக் கோப்பை வாங்கினான். பேத்தி மகேஸ்வரி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படி மூன்று பேர்! குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முகப்புப் படமே மகேஸ்தான், ஆப்பிரிக்கா மேளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. ஜெம்பேயாம் அதற்குப் பெயர். அதையும், பெரு நாட்டில் தட்டி வாசிக்கிற மரப்பெட்டியையும், நம் தப்பு மேளத்தையும் வைத்து, சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள். வேலைதான் இன்னும் நிரந்தரம் இல்லை. திங்கட்கிழமை தாளாளர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். அதற்காக ஜெம்பே வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி
வீடு கழுவினேன். சாமி படத்துக்கு நேர் கீழே ஜெம்பே. ஆட்டுத்தோல், கவிச்சி. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக எப்படி விளக்கேற்றுவது? மஞ்சள் தண்ணீரில் துணியை முக்கி மூன்று தடவை துடைத்தேன்.
பிறகு ஒரு தட்டு தட்டினேன். கணீரென்று கேட்கும் மேளம் தொப்பென்றது. நனைந்த மெத்தை மாதிரி.
ஐயோ.
பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி
இன்றும் பள்ளிக்கூடம். மகேஸ் களைத்து வந்து படுத்துவிட்டாள். அவள் பையைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு
அவள் குளிக்கப் போன நேரம் ஜிப்பைத் திறந்தேன். ஈர நாற்றம். தோல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. என்ன செய்யப்போறே கிழவி?
சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலாம்.
"வெள்ளிக்கிழமையே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல அப்பத்தா." அவ்வளவுதான்.
ஆட்டோ பிடித்துப் பேகம்பூர் போனோம். தோல் வியாபாரம் செய்கிற அப்துல் ஹக்கீம் பாய் விரலால் அமுக்கிப் பார்த்தார்.
"தண்ணி பட்டது கூடப் பரவால்லம்மா. ஈரத்தோட எதுக்குப் பையில பூட்டுனீங்க? காத்தாட விட்டிருந்தா தானா இறுகியிருக்கும்."
"தப்பக் காய்ச்சுற மாதிரி நெருப்புல காட்டவா பாய்?" என்றேன்.
"இம்புட்டு ஈரத்துல காட்டுனா கிழிஞ்சுரும். நெழல்ல ரெண்டு நாள் வைங்க."
ரெண்டு நாளுக்கு எங்க போறது? திரும்பும்போது மகேஸ் பையைத் திறந்தே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். என் கையாலேயே இந்தப் புள்ள பொழப்பக் கெடுத்துட்டேனே — துடைத்ததாலா, மறைத்ததாலா?

ஜூலை 7, திங்கள்
தொங்கின மேளத்தையும் தூக்கிக்கொண்டு போனாள். "அது எதுக்கு தாயி?" என்றேன். "பாப்போம்" என்றாள்.
மணி நாலு. போன் வரவில்லை.
ஆறு மணிக்கு வந்து சொன்னாள். தப்பின் மேல் நாலு அரிசி, ஜெம்பேயின் மேல் நாலு அரிசி. ஓரத்தில் தட்டினால் தப்பில் அரிசி குதிக்கிறது, ஜெம்பேயில் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.
"மிஸ், இது ஏன் பேச மாட்டேங்குது?" என்று ஒரு சிறுமி கேட்டாளாம்.
"எங்க அப்பத்தா குளிப்பாட்டி விட்டுட்டாங்க."
வகுப்பே சிரித்ததாம். இறுக்கம் போனால் அதிர்வும் குறையும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்களாம். அரிசியை அவர்கள் குனிந்து பார்க்கிறதைப் போனில் படம் எடுத்திருந்தாள், காட்டினாள். தாளாளர் எழுந்து வந்து, தானும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாராம்.
"முடிவு?"
"ஒண்ணும் சொல்லல அப்பத்தா."

ஜூலை 8, செவ்வாய்
மேளம் ஜன்னலோரம் நிழலில். தொடவில்லை.

ஜூலை 11, வெள்ளி
நேற்று உத்தரவு கையில் கொடுத்துவிட்டார்கள். நிரந்தரம்.
இன்றும் வீடு கழுவினேன். ஜெம்பே சாமி படத்துக்குக் கீழேதான். கவிச்சியோடேயே விளக்கேற்றினேன்.
மகேஸ் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்ல வேண்டும்: குழுவில் அந்தப் பழைய படத்தை எடுத்துரு தாயி. தொங்கின தோலில் அரிசியைப் பிள்ளைகள் குனிந்து பார்க்கிற படம் இருக்கே, அதைப் போடு. யார் நனைத்தது என்று கேட்டால் என் பேரைச் சொல்லு.