பந்து வருமுன் கூப்பிடு

மிஸ்டர்,

நேற்று பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குச் சட்டை அடித்துத் தருகிற கடைக்குப் போயிருந்தேன். கோல் கீப்பர் கையுறைகள் புதிதாக வந்திருந்தன. ஒரு சோடியை எடுத்து மணந்து பார்த்தேன். புது ரப்பரின் அந்த மணம் மூக்கில் ஏறியதும் கை தன்பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. பந்து வழுக்காமலிருக்கக் கீப்பர்கள் செய்கிற மாதிரி, கையுறையின் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துவிட்டேன். கடைக்காரர் கண்டுவிட்டார். "அண்ணை, துப்பினால் வாங்கத்தான் வேணும்" என்றார். வாங்கினேன். இந்த வயதில் என்னை யார் இனி வலைக்கு முன்னால் நிறுத்தப் போகிறார்கள்? வாங்கிய பொருளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். துப்பாத கீப்பரை நம்பாதே என்பது உங்கள் வேதவாக்கு. நீங்கள் கடையில் இருந்திருந்தால் சிரித்தே எங்களை வெளியே துரத்த வைத்திருப்பீர்கள்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் மூன்று சொல். விடு, ஏறு, பிறகு என்ரை, அதாவது பந்து என்னுடையது. அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு தமிழ்க் கழகத்தின் பின்வரிசையையே ஆட்டிப் படைத்தீர்கள். பயிற்சியாளரை மிஸ்டர் என்று கூப்பிடுவதுதான் உங்கள் இத்தாலி நாட்டு வழக்கம் என்றீர்கள். எங்களுக்கும் அது வாய்க்குச் சுகமாக இருந்தது. உங்கள் உண்மைப் பெயரைச் சில பொடியன்கள் உங்கள் சாவு வீட்டில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

நாம் சந்தித்தது மைதானத்தில் இல்லை, நான் பீட்சா போடுகிற கடையில். தின்று முடித்துவிட்டு, இந்த மாவைப் பிசைந்தவனைக் கூப்பிடு, அவன் என் கடற்கரைக்காரனாக இருக்க வேண்டும் என்று பரிமாறுகிறவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நான் வந்து நின்றேன். உங்கள் முகம் போன போக்கு இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. எந்த ஊர் என்று கேட்டீர்கள். கிளிநொச்சி என்றேன். அது இத்தாலியில் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் தேடிவிட்டு, வடக்கா தெற்கா என்று கேட்டீர்கள். வடக்கு என்றேன், பொய்யில்லையே. வடக்கத்தியானுக்கு இப்படி மாவு வராதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று என் சின்ன விரலைப் பார்த்தீர்கள். அது வெளிப்பக்கமாக வளைந்தது. உங்கள் சின்ன விரலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தீர்கள். அதுவும் அதே மாதிரி வளைந்திருந்தது. பந்து பட்டு உடைந்து, கட்டுப் போடாமல் தானாகப் பொருந்திய விரல்கள். அதற்குப் பிறகு நமக்குள் பெரிய அறிமுகம் தேவைப்படவில்லை.

கிழமை நாட்களில் நீங்கள் பாரிசுக்கு வெளியே ஸ்தேன் என்கிற ஊரில் ஒரு சின்னக் கழகத்துக் கீப்பர்களைப் பழக்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வரத் தொடங்கினீர்கள். வந்ததும் வலைக்குப் பின்னால் போய் நிற்பீர்கள். பந்தைப் பிடித்தேனா விட்டேனா என்று நீங்கள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு நிற்பீர்கள், கேட்கவில்லை என்று. உங்களுக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். பந்து வருமுன் நான் கூப்பிட வேண்டும். "பந்து போன பிறகு கத்துறது கூப்பிடுறது இல்லை, அழுகிறது" என்று உங்கள் உடைந்த பிரெஞ்சில் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

எனக்கு அதுதான் வரவில்லை. எங்கள் பின்வரிசையின் நடுவில் நின்றவர் என் அத்தான், அக்காவின் புருஷன். போர் முடிந்த அடுத்த வருடம் நான் வன்னியிலிருந்து மிச்சமாக வந்து சேர்ந்தபோது, கார் து நோர் ரயில் நிலையத்தில் குளிர்ச்சட்டையோடு காத்து நின்றவர். லா சப்பலில் அவருடைய வீட்டில்தான் படுத்தேன். என் வதிவிடப் பேப்பர்களுக்காக பிரெபெக்சர் அலுவலக வாசலில் என்னோடு வரிசையில் நின்றவரும் அவர், பீட்சாக் கடையில் சொல்லி வேலைக்குச் சேர்த்தவரும் அவர். அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்து 'விடு' என்று எந்த வாயால் சொல்வது? நான் சொன்னது இது: "அத்தான், நீங்கள் விடுங்கோ, நான் எடுக்கிறன்." வலைக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தீர்கள். சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டீர்கள். இந்த மரியாதை முடிவதற்குள் பந்து வலைக்குள் போய் மறுபடி நடுக்கோட்டுக்கும் வந்துவிடும் என்றீர்கள். அன்றைக்குத்தான் அந்த மூன்று சொல்லையும் கேட்டுப் பாடமாக்கினீர்கள். நீங்கள் 'விடு' என்று அடித்தொண்டையில் கத்த, அத்தான் சிரித்துக்கொண்டே விலகுவார். வெள்ளைக்காரன் சொன்னால் குற்றமில்லை. நான் சொன்னால் அக்கா வீட்டில் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

இன்னொரு காரணமும் இருந்தது, அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். வன்னியில் கடைசி மாதங்களில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்து பழகியவன் நான். அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறி என்னோடு வந்துவிட்டது. அதைச் சொன்ன அன்று நீங்கள் பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கோப்பி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அடுத்த ஞாயிறு வந்து பழையபடி காதில் கையை வைத்தீர்கள். அதற்காக உங்களை எனக்கு நிரம்பப் பிடித்தது.

கோடையில் ஊர்க் கழகங்கள் எல்லாம் கூடி ஆடுகிற சுற்றுப்போட்டியில், ஒரே ஒரு முறை நாங்கள் இறுதியாட்டம் வரை வந்தோம். ஆட்டம் முடியப்போகிற நேரம், வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. அது என் பந்து. பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் ஓடி வந்தேன், அத்தானும் பின்பக்கமாக ஓடி வந்தார், வாயில் 'அத்' வரைக்கும் வந்தது. இருவரும் மோதி விழுந்தோம். பந்து ஒருத்தரும் தொடாமல் மெல்ல உருண்டு உள்ளே போனது. அத்தானுக்கு உதடு பிளந்து இரத்தம். அந்த வாயோடு அவர், "ஒரு சத்தம் போட்டிருக்கலாமேடா" என்றார். நான் பேசாமல் நின்றேன். அப்போதும் பேசாமல்தான்.

அன்று பின்னேரம், லா சப்பலில் மெத்ரோ ரயில் மேலால் ஓடுகிற பாலத்துக்குப் பக்கத்துக் கபேயில் வைத்துத்தான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். துறைமுக ஊரில் பிறந்து, இருபது வயதுக்கு முன்பே பெரிய கழகமொன்றில் சேர்ந்தவர் நீங்கள். சேர்ந்தது இரண்டாவது கீப்பராக. வருடக்கணக்கில் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்தீர்கள். கையுறை போட்டு, துப்பித் தேய்த்து, மறுபடி கழற்றி வைப்பீர்கள். முதல் கீப்பருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் கவலைப்படுவது போல நடித்ததாகச் சொல்லிச் சிரித்தீர்கள். ஒருநாள் அவருக்குத் தோள் விலகியது. உங்களை இறக்கினார்கள். உங்களுக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர் நாடே கொண்டாடிய மனிதர். நீங்கள் சின்ன வயதில் அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவர். பந்து உயர்ந்து வந்தது. அவரைப் பார்த்து விடு என்று சொல்ல உங்களுக்கு நா எழவில்லை. மிச்சத்தை நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, காலையில்தானே அதை எங்கள் வலையிலேயே பார்த்தேன்.

அதற்குப் பிறகு கீழ்ப்பிரிவுக் கழகங்கள். சம்பளம் தராத கழகங்கள், பருவம் முடியுமுன் பூட்டுப் போட்ட கழகங்கள். இடுப்பு விட்டுப் போனதும் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினீர்கள். அந்த வேலையை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை என்பீர்கள். வென்றால் கீப்பரைத் தூக்குவார்கள், தோற்றால் கீப்பரைத் திட்டுவார்கள், படம் எடுக்கும்போது நீங்கள் பந்துகளைப் பையில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பெண்ணை நம்பி பாரிசுக்கு வந்தீர்கள். அவள் போய்விட்டாள், நீங்கள் நின்றுவிட்டீர்கள். நீங்கள் பழக்கிய கீப்பர்களில் ஒருத்தராவது பேர் எடுத்தாரா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். ஆனால் எல்லாரும் கூப்பிடுவார்கள், உன்னைத் தவிர என்றீர்கள். பகிடியாகத்தான் சொன்னீர்கள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

நோய் வந்தபோது முதலில் போனது உங்கள் குரல். தொண்டையில் கட்டி என்றார்கள். அதற்குப் பிறகும் வந்தீர்கள், கழுத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு. கத்த முடியாததால் வீட்டுக் கதவுத் திறப்பால் கோல் கம்பத்தை டக் டக் என்று தட்டுவீர்கள். பிறகு அதுவும் நின்றது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கையில் குழாய்களோடு கிடந்தீர்கள். என்னைக் கண்டதும் கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கிக் காதில் வைத்தீர்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதானவர் நித்திரை. நான் குனிந்து, மெதுவாக, "என்ரை" என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். போதாது. சிரித்தீர்கள் போலவும் இருந்தது. போதாது என்பதுதான் குரலில்லாமல் நீங்கள் எனக்குச் சொன்ன கடைசிச் சொல்.

உங்கள் மகள் இத்தாலியிலிருந்து வந்தார். பெட்டியை யார் தூக்குவது என்று அடக்கம் செய்கிற நிறுவனத்து ஆட்கள் கேட்டபோது அத்தான் முன்னால் போய் நின்றார். "அந்தாளுக்கு நாங்கள்தான் தோள் குடுக்க வேணும். கூலிக்காரர் வேண்டாம்" என்றார். முழங்கால் வருத்தக்காரர், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. வலப்பக்கம் முன்னுக்கு அவர், அவருக்குப் பின்னால் நான். மழை பெய்து கல்லறைப் பாதை சறுக்கியது. குழிக்குக் கிட்டப் போனபோது அத்தானின் கால் சறுக்கி முழங்கால் மடிந்தது. பெட்டி முன்பக்கமாகச் சாய்ந்தது. அவர் விடவில்லை. மண்டியிட்டபடி பிடித்து இழுத்தார், இன்னும் ஒரு இழுவையில் எல்லாரும் குழிக்குள் போயிருப்போம்.

"விடு! என்ரை!"

என் சத்தம் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டது. காகங்கள் எழும்பின. உங்கள் மகள் திடுக்கிட்டுத் திரும்பினார். அத்தான் அந்தக் கணமே கையை எடுத்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்துத் தோளைக் கொடுத்தேன். முழுப் பாரமும் என் இடது தோளில் வந்து இறங்கியது. நீங்கள் நோயில் அவ்வளவு மெலிந்து போயிருந்தீர்கள், ஆனாலும் பாரமாகத்தான் இருந்தீர்கள்.

எல்லாம் முடிந்து மகள் பூப்போட்ட பிறகு, காற்சட்டைச் சேற்றைத் துடைத்துக்கொண்டே அத்தான் கேட்டார், "இவ்வளவு நாளும் எங்கையடா வைச்சிருந்தனி இந்தச் சத்தத்தை?" அவர் கண் கலங்கியிருந்தது. கோபம் இல்லை. ஒருநாளும் இருந்திருக்காது என்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் நான் பயந்தது அவருக்கு இல்லை, வன்னியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த அந்த நாட்களுக்கு.

மாரியில் அந்தத் தோள் இன்னும் வலிக்கும். மாவைப் பிசையும்போது நன்றாகத் தெரியும். அக்கா எண்ணெய் பூசச் சொல்லுவா. நான் பூசுவதில்லை.

பந்து போன பிறகு கத்துவது அழுகை என்பீர்கள். ஓம், நான் பிந்தித்தான் கத்தினேன், மிஸ்டர். நீங்கள் என் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம். ஆனால் அத்தான் விட்டார். உங்களை நான் கீழே விழ விடவில்லை.